தமிழ் ஆய்வுத் தரவுத்தளங்களில் இணைப்பு மேலாண்மை: நெய்வேலி நில ஆவணத் தொகுப்பை எடுத்துக்காட்டாகக் கொண்ட விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் ஆய்வாளர்கள் தொகுக்கும் சொற்பட்டியல்கள், சுவடிப் படிகள், நில ஆவணங்கள் முதலியன இன்று இணையவழித் தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. அவற்றை வலைப்பக்கமாக வழங்கும் நிரல்கள் பல பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டவை. நிரலுக்கும் தரவுத்தளத்திற்கும் இடையே அமையும் இணைப்பு பெரும்பாலும் ஒரு வரிக் கட்டளையாகவே கருதப்படுகிறது. ஆயினும், தமிழ் எழுத்து சிதையாமல் சேர்வதும், தேடுவோருக்குப் பக்கம் கிடைப்பதும், தொகுப்பு பல்லாண்டு நிலைப்பதும் அவ்வொரு வரியைச் சார்ந்துள்ளன. இணைப்பைத் திறத்தல், அளவோடு பயன்படுத்தல், விடுவித்தல், பிழையைக் கையாளுதல் ஆகியவற்றை நெய்வேலிப் பகுதி நில ஆவணத் தொகுப்பு ஒன்றைக் கற்பனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், இணைப்பு, பி.எச்.பி., மைஎஸ்கியூஎல், ஒருங்குறி, தமிழ்ப் பின்னக் குறிகள், நெய்வேலி

முன்னுரை

இணையத்தில் தமிழ் நூல்களைத் தொகுக்கும் முயற்சிகளை இருவகையாகப் பகுக்கலாம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் நூல்களைத் தனித்தனிக் கோப்புகளாக வழங்குகிறது. கோப்பைப் படிப்பவருக்கும் கோப்புக்கும் இடையே தரவுத்தளம் எதுவும் குறுக்கிடுவதில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களைத் திரட்டிவரும் நூலகம் இணையத்தளமும் மற்றொரு வகையின. இவ்விரண்டும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளில் இயங்குகின்றன. அம்மென்பொருள் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது, உள்ளடக்கத்தைத் தரவுத்தளத்தில் வைப்பது.

முதல் வகையில் கோப்பு இருக்கும்வரை நூல் இருக்கும். இரண்டாம் வகையில் தேடல், வகைப்பாடு, பலர் கூடித் திருத்தும் வசதி ஆகியன மிகுதி. ஆயின், தரவு முழுமையாக இருந்தும் இணைப்புப் பழுதால் பக்கம் திறக்காமற் போவதும், பக்கம் திறந்தும் எழுத்துச் சிதைந்து தோன்றுவதும் இவ்வகைக்கே உரிய இடர்கள். பல்கலைக்கழகத் துறைகளும் தனி ஆய்வாளர்களும் உருவாக்கும் சிறு தரவுத்தளங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தனவாதலின், இணைப்பு மேலாண்மை தமிழ் ஆய்வாளரும் அறிந்திருக்க வேண்டிய பொருளாகிறது.

1. எடுத்துக்காட்டின் களம்

கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி பழுப்பு நிலக்கரிக்குப் பெயர்பெற்றது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தோற்றுவிக்கப்பட்டது. 1957இல் சுரங்கப் பணியும் 1962இல் அனல்மின் உற்பத்தியும் தொடங்கின. எண்ணிட்ட வட்டங்களாகப் பகுக்கப்பட்ட இன்றைய நகரியமும் அதனையடுத்த திறந்தவெளிச் சுரங்கங்களும் அமைந்த நிலத்தில் முன்னர் ஊர்களும் வயல்களும் இருந்தன. அவ்வூர்களின் மக்கள் வேறிடங்களுக்குக் குடியமர்த்தப்பட்டனர்.

அவ்வாறு இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் எஞ்சியுள்ள பழைய கணக்கோலைகளையும் நில ஆவணங்களையும் ஆய்வாளர் ஒருவர் படியெடுத்துத் தரவுத்தளமாக்குகிறார் எனக் கொள்வோம். ஊர்ப்பெயர், நிலத்தின் பெயர், எல்லை, அளவு, ஆவணத்தின் மூலவாசகம் என ஒவ்வொரு பதிவிலும் பல புலங்கள் அமையும். இத்தகைய தொகுப்பில் ஏற்படும் பிழை பிற தொகுப்புகளின் பிழையினும் கொடியது. ஓர் ஊரின் வயற்பெயர் பிழைபட்டால் அவ்வூருக்குச் சென்று கேட்டறியலாம். வயலும் ஊரும் சுரங்கமாகிவிட்ட இடத்தில் கேட்பதற்கு ஊர் இல்லை. ஆவணமும் நாளடைவில் செல்லரிக்கும். எனவே தரவுத்தளத்தில் உள்ள வாசகமே சான்றாக எஞ்சும்.

2. இணைப்பு என்பது யாது?

பயனர் ஒருவர் உலாவியில் ஒரு நிலப்பெயரைத் தேடுகிறார். அவ்வேண்டுகை வலை வழங்கியை அடைந்ததும் பி.எச்.பி. நிரல் இயங்கத் தொடங்குகிறது. நிரல் தரவுத்தள வழங்கியை அணுகித் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கூறுகிறது. வழங்கி அவற்றைச் சரிபார்த்து, அந்நிரலுக்கென நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. இவ்வாறு இருபாலும் ஒப்புக்கொண்டு திறந்துவைக்கும் உரையாடல் வழியே இணைப்பு எனப்படும். வினவல் செல்வதும் விடை திரும்புவதும் இவ்வழியில்தான்.

பி.எச்.பி. மொழியின் இயல்பு ஒன்று இங்குக் கருதத்தக்கது. ஒவ்வொரு வேண்டுகைக்கும் நிரல் புதிதாகத் தொடங்கி, பக்கத்தை அனுப்பியதும் முடிந்துவிடுகிறது. முந்தைய வேண்டுகையின் நினைவு எதுவும் அடுத்ததற்குச் செல்வதில்லை. ஆகவே பொதுவாக ஒவ்வொரு வேண்டுகையிலும் ஓர் இணைப்பு திறக்கப்பட்டு, நிரல் முடிந்ததும் தானாகவே மூடப்படுகிறது. இத்தானியக்கமே கவனமின்மைக்கும் காரணமாகிறது. தானாக மூடுவதால் எத்தனை இணைப்புகள் திறக்கப்படுகின்றன, எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றன என்பதை நிரல் எழுதுவோர் எண்ணிப்பார்ப்பதில்லை.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் இணைய இன்று மைஎஸ்கியூஎல்ஐ, பி.டி.ஓ. என இரு வழிகள் உள்ளன. முன்னது மைஎஸ்கியூஎல் வகைத் தரவுத்தளத்திற்கு மட்டும் உரியது. பின்னது பலவகைத் தரவுத்தளங்களுக்கும் பொதுவானது. கீழ்க்காணும் நெறிகள் இரண்டிற்கும் பொருந்தும்.

3. இணைப்பின் குறியேற்றமும் தமிழ் எழுத்தும்

இணைப்பைத் திறக்கும்போது அதன் வழியே செல்லும் எழுத்துகள் எக்குறியேற்றத்தில் அமைந்தவை என்பதையும் அறிவித்தல் வேண்டும். தமிழ்த் தரவுத்தளங்களில் நேரும் சிதைவுகளுள் பல இவ்வறிவிப்பு விடுபடுவதால் விளைவன.

‘நெய்வேலி’ என்னும் சொல் 4 எழுத்துகளால் ஆயது. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனி இடம் பெறுவதால் இச்சொல் 8 குறியிடங்களைக் கொள்கிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாதலின், சொல் முழுமையும் 24 பைட்டுகள் ஆகும். மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பு 2018இல் வருவதற்கு முன்னர், அத்தரவுத்தளத்தின் இயல்பான குறியேற்றம் லத்தீன்-1 ஆக இருந்தது. இணைப்பில் வேறு குறியேற்றம் அறிவிக்கப்படாவிடின், வழங்கி அந்த 24 பைட்டுகளையும் 24 மேலைநாட்டு எழுத்துகளாகப் புரிந்துகொண்டு சேமித்துவிடும்.

இப்பிழை உடனே வெளிப்படுவதில்லை. எழுதிய இணைப்பும் படிக்கும் இணைப்பும் ஒரே பிழையைச் செய்வதால் இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, பக்கத்தில் ‘நெய்வேலி’ என்றே தோன்றும். பின்னர் வழங்கி மாற்றப்படும்போதோ, வேறொருவர் முறையான குறியேற்றத்துடன் புதிய நிரல் எழுதும்போதோதான் தொகுப்பு முழுவதும் சிதைந்ததாகத் தெரியவரும். பைட்டுகள் இழக்கப்படாமல் இருப்பின் இதனை மீட்டெடுக்கலாம். இணைப்பு சரியாக இருந்து, அட்டவணையின் புலம் மட்டும் லத்தீன்-1 ஆக அமைந்திருந்தால் நிலைமை வேறு. பழைய தளர்ந்த அமைப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியிடமும் வினாக்குறியாக மாற்றிச் சேமிக்கப்படும். அதனை மீட்க வழியில்லை.

நில ஆவணத் தொகுப்பிற்கு மற்றுமோர் இடர் உண்டு. பழைய ஆவணங்களில் அளவுகள் சொற்களாலன்றிக் குறிகளால் எழுதப்பட்டிருக்கும். முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களுக்கும், குழி, வேலி முதலிய நில அளவைகளுக்கும் தனிக் குறிகள் வழங்கின. 2019இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில் இத்தகைய 51 குறிகள் தமிழ்ப் பிற்சேர்க்கைப் பகுதியில் இடம்பெற்றன. வழக்கமான தமிழ் எழுத்துகளைப்போல் இவை 3 பைட்டுகளில் அடங்குவதில்லை. 4 பைட்டுகள் வேண்டுவன.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் நெடுங்காலம் ‘யுடிஎஃப்8’ என வழங்கிய குறியேற்றம் 3 பைட்டுகள்வரை மட்டுமே ஏற்பது. நான்கு பைட்டுகளையும் ஏற்கும் ‘யுடிஎஃப்8எம்பி4’ 2010இல் வெளிவந்த 5.5.3 பதிப்பில் சேர்க்கப்பட்டது. இணைப்பு பழைய ‘யுடிஎஃப்8’ எனத் திறக்கப்பட்டு, கடுமை நிலை இயங்காத வழங்கிக்கு ஓர் ஆவணத்தின் வாசகம் அனுப்பப்பட்டால், முதல் பின்னக் குறி வரும் இடத்தோடு வாசகம் வெட்டப்படும். அதற்குப் பின்னுள்ள எல்லைக் குறிப்பும் சாட்சிப் பெயர்களும் சேமிக்கப்படா. இணைப்பு சரியாக இருந்து புலம் மட்டும் பழையதாயின், குறிகள் வினாக்குறிகளாகும். காணி என்பது 1/80. முந்திரி என்பது 1/320. நான்கு மடங்கு வேறுபாடுடைய இவ்விரண்டும் ஒரே வினாக்குறியாக நிற்கும்போது ஆவணத்தின் பொருளே அழிகிறது.

கடுமை நிலை இயங்கும் வழங்கியில் பிழைச்செய்தி எழுந்து பதிவு மறுக்கப்படும். மறுக்கப்பட்ட பதிவை மீண்டும் இடலாம். வெட்டப்பட்ட பதிவோ முழுமையானதுபோல் தோன்றி ஏமாற்றும். ஆதலால் கடுமை நிலையை நிறுத்திவைப்பது தமிழ்த் தொகுப்புகளுக்கு ஒவ்வாது. தரவுத்தளம், அட்டவணை, புலம், இணைப்பு ஆகிய நான்கும் யுடிஎஃப்8எம்பி4 என அமைதல் வேண்டும். மைஎஸ்கியூஎல்ஐ வழியில் இணைந்த உடனே குறியேற்றத்தை அமைக்கும் செயற்கூறு அழைக்கப்பட வேண்டும். பி.டி.ஓ. வழியில் இணைப்பு முகவரியிலேயே குறியேற்றத்தைக் குறிப்பிடலாம்.

4. இணைப்புகளின் எண்ணிக்கை

தரவுத்தள வழங்கி ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளுக்கு வரம்பு உண்டு. மைஎஸ்கியூஎல் வழங்கியில் இவ்வரம்பு மாற்றப்படாதவரை 151 ஆகும். மேலாளர் நுழைந்து பழுதுநீக்குவதற்கென மேலும் ஓர் இணைப்பு ஒதுக்கப்பட்டிருக்கும். வரம்பு எட்டியபின் வரும் நிரலுக்கு 1040 என்னும் எண்ணுடைய பிழை விடையாகக் கிடைக்கும். தரவு முழுமையாக இருந்தும் தேடுவோருக்குப் பக்கம் கிடைக்காது.

வரம்பு எளிதில் எட்டப்படுவதை ஒரு கணக்கால் அறியலாம். வலை வழங்கியில் 40 பி.எச்.பி. செயலிகள் ஒரே நேரத்தில் இயங்குவதாகக் கொள்வோம். நிரல் ஒன்றுக்கு ஓர் இணைப்பு எனில் 40 இணைப்புகள் போதும். பக்கத்தின் தலைப்பகுதிக்கு ஒன்று, தேடலுக்கு ஒன்று, பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஒன்று எனத் தனித்தனிக் கோப்புகள் தனித்தனியே இணைப்பைத் திறந்தால் 120 ஆகிவிடும். அதே தரவுத்தள வழங்கியைத் துறையின் மற்றொரு தளமும் இவ்வாறே பயன்படுத்தினால் தேவை 240 ஆகி வரம்பைக் கடக்கும். கருத்தரங்கு நடைபெறும் நாளில் பலர் ஒருசேரத் தேடும்போது மட்டும் தளம் முடங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வரம்பை உயர்த்துவது எளிய தீர்வாகத் தோன்றும். ஒவ்வோர் இணைப்பும் நினைவகத்தைக் கொள்வதால், அளவின்றி உயர்த்தினால் வழங்கியே தளர்ந்துவிடும். முறையான தீர்வு இணைப்பைத் திறக்கும் பொறுப்பை ஒரே கோப்பில் உள்ள ஒரே செயற்கூறிடம் ஒப்படைப்பதாகும். முதன்முறை கேட்கப்படும்போது அது இணைப்பைத் திறக்கும். அதே வேண்டுகையில் மீண்டும் கேட்கப்படும்போது முன்னர்த் திறந்ததையே தரும். தரவு தேவைப்படாத பக்கத்தில் இணைப்பு திறக்கப்படவே மாட்டாது.

விடுவித்தலும் இதனோடு தொடர்புடையது. தேடல் முடிந்தபின் ஓலைப் படிமத்தைச் சுருக்குதல், மின்னஞ்சல் அனுப்புதல் போன்ற நெடும்பணி இருப்பின், அதற்கு முன்னரே இணைப்பை மூடுதல் நன்று. பி.டி.ஓ. வழியில் மூடுவதற்கெனத் தனிக் கட்டளை இல்லை. இணைப்பைத் தாங்கும் மாறியை வெறுமையாக்க வேண்டும்; அவ்விணைப்பிலிருந்து பிறந்த வினவல் மாறிகளையும் வெறுமையாக்கினாலன்றி இணைப்பு திறந்தே இருக்கும்.

5. நிலைத்த இணைப்பு: பயனும் இடரும்

ஒவ்வொரு வேண்டுகைக்கும் இணைப்பைத் திறந்து மூடுவதற்கு மாற்றாக, திறந்த இணைப்பை மூடாமல் அடுத்த வேண்டுகைக்கு வைத்திருக்கும் முறையும் உண்டு. இது நிலைத்த இணைப்பு எனப்படும். நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி ஓடும் பட்டைகள்வழி மின்நிலையம் நோக்கிச் செல்கிறது. ஒவ்வொரு வாளி நிலக்கரிக்கும் புதுப்பாதை அமைப்பதில்லை. நிலைத்த இணைப்பின் பயனும் இத்தகையதே; திறப்பதற்காகும் நேரம் மிச்சமாகிறது. தரவுத்தள வழங்கி வேறோரிடத்தில் அமைந்திருக்கும்போது இப்பயன் மிகுதி. வலை வழங்கியும் தரவுத்தளமும் ஒரே கணினியில் இருப்பின் பயன் மிகக் குறைவு.

இதன் இடர் எச்சத்தில் உள்ளது. பட்டையில் மண் ஒட்டியிருந்தால் பின்வரும் நிலக்கரியோடு அது கலக்கும். அதுபோல, முந்தைய நிரல் அமைத்த தற்காலிக அட்டவணை, பூட்டு, மாற்றிய குறியேற்றம் ஆகியன இணைப்பிலேயே தங்கி அடுத்த நிரலைத் தாக்கும். மைஎஸ்கியூஎல்ஐ நிலைத்த இணைப்பை மீண்டும் வழங்குமுன் இத்தகைய எச்சங்களை நீக்குகிறது. பி.டி.ஓ. அவ்வாறு முழுமையாக நீக்குவதில்லை. ஒரு நிரல் ஏதோ காரணத்தால் குறியேற்றத்தை மாற்றிவிட்டுச் சென்றால், அடுத்து வரும் பிழையற்ற நிரலின் தமிழ் வாசகமும் சிதையும். இத்தகைய பிழை சில வேளைகளில் மட்டும் தோன்றுவதால் கண்டறிதல் அரிது. சிறு ஆய்வுத் தொகுப்புகளுக்கு இயல்பான இணைப்பே போதுமானது.

6. இடையில் அறும் இணைப்பு

பயன்படுத்தப்படாமல் திறந்திருக்கும் இணைப்பை வழங்கி குறித்த நேரத்திற்குப் பின் தானே அறுத்துவிடும். மைஎஸ்கியூஎல் வழங்கியில் இக்காலம் பொதுவாக 28,800 நொடிகள், அதாவது 8 மணி நேரம் ஆகும். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் வழங்கிகளில் இதனைக் குறைத்து வைத்திருப்பதுண்டு. நூற்றுக்கணக்கான ஓலைப் படிமங்களை வரிசையாகச் செயற்படுத்தும் நிரல் தொடக்கத்திலேயே இணைப்பைத் திறந்துவிட்டு, நெடுநேரம் கழித்துப் பதிவிட முனைந்தால் 2006 எண்ணுடைய பிழை எழும்.

ஓர் ஆவணத்தைச் சேர்க்கும்போது மூலவாசகம் ஓர் அட்டவணையிலும், அதன் நிலத்துண்டுகள் மற்றோர் அட்டவணையிலும் எழுதப்படும். முதலாவது எழுதப்பட்டபின் இணைப்பு அறுந்தால், நிலமற்ற ஆவணம் ஒன்று தொகுப்பில் தங்கிவிடும். இதனைத் தவிர்க்க, இரண்டையும் ஒரே பரிமாற்றமாக அமைத்தல் வேண்டும். பரிமாற்றம் உறுதிசெய்யப்படுவதற்கு முன் இணைப்பு அறுந்தால் வழங்கி முழுவதையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். இவ்வசதி இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு உண்டு. பழைய மைஐஎஸ்ஏஎம் வகைக்கு இல்லை. பழைய தொகுப்புகளைப் பொறுப்பேற்போர் அட்டவணை வகையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

7. பிழைச்செய்தியும் உரிமையும்

இணைப்பு கிடைக்காதபோது வரும் பிழை எண்கள் காரணத்தைத் தெளிவாகச் சுட்டுகின்றன. 1045 எனில் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. 2002 எனில் வழங்கியை எட்ட இயலவில்லை. 1040 எனில் வரம்பு நிறைந்தது. இவ்வெண்கள் பராமரிப்பவருக்குரிய பதிவேட்டில் எழுதப்பட வேண்டியவை. அவற்றைப் பக்கத்தில் அப்படியே காட்டினால் தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கோப்பின் இருப்பிடம் ஆகியவை வெளிப்பட்டுவிடக்கூடும். பயனருக்குத் தமிழில் ஒரு சிறு அறிவிப்பே போதும்.

‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று காட்டுவது மட்டும் கூடாது. இணைப்பு கிடைக்காமையும் சொல் தொகுப்பில் இல்லாமையும் வேறு வேறு. இணைப்புப் பழுதை இன்மையாகக் காட்டும் பக்கத்தை நம்பி, ஒரு வயற்பெயர் வழக்கிலேயே இல்லை என ஆய்வாளர் முடிவுசெய்துவிட நேரும். பி.எச்.பி. 8.0 பதிப்பிலிருந்து பி.டி.ஓ. வழியிலும், 8.1 பதிப்பிலிருந்து மைஎஸ்கியூஎல்ஐ வழியிலும், பிழை நேர்ந்தால் நிரல் இயல்பாகவே நின்று அறிவிக்கிறது. பழைய பதிப்புகளில் அதற்கான அமைப்பை நிரலரே செய்தல் வேண்டும்.

தேடல் பக்கத்திற்கும் பதிவுப் பக்கத்திற்கும் வெவ்வேறு தரவுத்தளப் பயனர்களை அமைப்பது நலம். தேடுவதற்கான இணைப்புக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். தேடுசொல்லை வினவலோடு நேரே ஒட்டாமல், முன்னமைத்த வினவலுக்குள் தனி மதிப்பாக அனுப்புவதும் இன்றியமையாதது. கடவுச்சொல் உள்ள கோப்பு வலைவழி அணுகமுடியாத அடைவில் இருத்தல் வேண்டும்.

8. நீக்கப்பட்ட கட்டளைகளும் தொகுப்பின் ஆயுளும்

பி.எச்.பி. மொழியில் தொடக்கத்திலிருந்து வழங்கிய பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகள் 2013இல் வெளியான 5.5 பதிப்பில் கைவிடத்தக்கன என அறிவிக்கப்பட்டு, 2015 டிசம்பரில் வெளியான 7.0 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டன. அக்கட்டளைகளால் எழுதப்பட்ட தளம், வழங்கியில் மொழி புதுப்பிக்கப்படும் நாளில் இணைப்பு வரியிலேயே நின்றுவிடும். திட்டக்காலம் முடிந்து, நிரல் எழுதியவர் வேறு பணிக்குச் சென்றுவிட்ட நிலையில், தரவு ஒன்றுகூட அழியாமலிருந்தும் தொகுப்பு வழக்கொழிந்ததாகிவிடும்.

இணைப்பும் வினவலும் ஒரே கோப்பின் செயற்கூறுகள்வழியே நிகழுமாறு அமைந்த தளத்தில், அவ்வொரு கோப்பை மாற்றினால் போதும். இணைப்பு வரிகள் நூறு கோப்புகளில் சிதறிக்கிடக்கும் தளத்தில் நூறு இடங்களில் மாற்ற வேண்டும். அப்பணியை மேற்கொள்வார் அரியர். இதனோடு, தொகுப்பின் உள்ளடக்கத்தை யுடிஎஃப்-8 உரைக் கோப்பாகக் குறித்த காலந்தோறும் ஏற்றுமதி செய்து வைப்பதும் கடமையாகும். மதுரைத் திட்டத்தின் எளிய கோப்பு முறை தரும் நீடிப்பை இதனால் தரவுத்தளத் தொகுப்பும் பெறும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுவன வருமாறு:

• தரவுத்தளம், அட்டவணை, புலம், இணைப்பு ஆகிய நான்கிலும் யுடிஎஃப்8எம்பி4 குறியேற்றம் அமைந்தாலன்றித் தமிழ்ப் பின்னக் குறிகளும் நில அளவைக் குறிகளும் பிழையின்றிச் சேரா.

• ஒரு வேண்டுகைக்கு ஓர் இணைப்பு என்னும் நெறி வரம்பு மீறலைத் தவிர்க்கிறது. அதனை ஒரே செயற்கூறின்வழித் திறப்பது தொகுப்பின் ஆயுளையும் நீட்டிக்கிறது.

• நிலைத்த இணைப்பு சிறு தொகுப்புகளுக்குப் பெரும்பாலும் தேவையற்றது. எச்சங்களால் இடர் தருவது.

• தொடர்புடைய பதிவுகளைப் பரிமாற்றமாக எழுதுவது அரைகுறைப் பதிவுகளைத் தடுக்கிறது.

• இணைப்புப் பழுதை ‘முடிவு இல்லை’ எனக் காட்டுவது ஆய்வு முடிவையே திரிப்பதாகும்.

தொகுப்பைத் தொடங்கும் நாளிலேயே எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். ‘நெய்வேலி’ என்னும் சொல்லையும், அதனையடுத்துக் காணி, முந்திரி ஆகியவற்றின் குறிகளையும், இறுதியில் மற்றுமொரு சொல்லையும் ஒரே வரியாகப் பதிவிட்டு, வேறொரு நிரலால் மீட்டெடுக்க வேண்டும். இட்டது இட்டவாறே திரும்பினால் இணைப்பின் குறியேற்றத்தை நம்பலாம். முதல் ஓலையைப் படியெடுத்துப் பதிவதற்கு முன் இச்சோதனையை முடித்துவிடுதல் நலம்.